சாவடியில் கொடுத்த இரண்டு தெனாரியம்



நல்ல சமாரியர் உவமையை மறையுரைக்கு எடுத்துக்கொள்ளும்போதெல்லாம் நாம் எரிகோ சாலையிலேயே நின்றுவிடுகிறோம். குருவும் லேவியரும் விலகிப் போனார்கள், சமாரியர் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார், அதோடு ஆமென். மறுநாள் காலை சாவடியில் நடந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். காயத்தைக் கட்டியது ஒரு வேலை. அது ஆறும்வரை அந்த மனிதர் எங்கே தங்குவார், யார் சோறு போடுவார், யார் பணம் கட்டுவார் என்று பார்த்து ஏற்பாடு செய்தது இன்னொரு வேலை. மருத்துவமனைகளில் அந்த இரண்டாவது வேலையைச் செய்பவரை இன்று மருத்துவ சமூகப் பணியாளர் என்கிறோம். பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாளை உலக நோயாளர் நாளாகக் கொண்டாடும் இவ்வாரத்தில் அவர்களுடைய வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

அது இரக்கத்தில் தொடங்கிய வரலாறு அல்ல, சந்தேகத்தில் தொடங்கியது. இலண்டனில் ராயல் ஃப்ரீ மருத்துவமனை ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளித்துவந்தது. வசதியுள்ளவர்களும் வரிசையில் வந்து நிற்கிறார்கள் என்ற புகார் எழ, அவர்களைப் பிரித்தெடுப்பதற்காக 1895-ஆம் ஆண்டு மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்மணியை அமர்த்தினார்கள். அவருடைய பதவிக்குப் பெயர் ‘அல்மோனர்’. பழங்காலத் துறவு மடங்களில், வாசலுக்கு வரும் ஏழைகளுக்குத் தர்மம் வழங்கிய துறவியின் பெயர் அது. திருத்தந்தையின் பெயரால் ஏழைகளுக்கு உதவும் வத்திக்கான் பொறுப்பாளருக்கும் இன்றுவரை அதே பெயர்தான். அப்படிப்பட்ட பெயரைச் சூட்டிவிட்டு, ஏமாற்றுபவர்களைக் கண்டுபிடிக்க உட்கார வைத்தது வேடிக்கைதான். ஆனால் ஒருவரிடம் குடும்பம், கூலி, வாடகை என்று கேட்கத் தொடங்கினால், கேட்பவர் கணக்கெழுதுபவராக மட்டும் இருக்க முடியாது. உதவி எங்கே கிடைக்கும் என்று தெரியாதவர்களை உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பதும் அந்த மேசையின் வேலையாயிற்று.

பத்து ஆண்டுகள் கழித்து, 1905-இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். நோயைச் சரியாகக் கண்டுபிடிக்கிறோம், ஓய்வும் நல்ல உணவும் தேவை என்று எழுதிக் கொடுக்கிறோம். ஓய்வெடுத்தால் வேலை போய்விடும் என்ற நிலையில் இருப்பவருக்கு அந்தச் சீட்டினால் என்ன பயன் என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் வெளிநோயாளர் பகுதியில் கார்னெட் பெல்ட்டன் என்ற செவிலியரை இதற்கென அமர்த்தினார். ஓராண்டுக்குள் அவரே காசநோயில் விழுந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஐடா கேனன் ஏறக்குறைய 40 ஆண்டுகள் அந்தப் பணியில் நிலைத்தார். நம் நாட்டில் 1946-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் முதல் மருத்துவ சமூகப் பணியாளர் நியமிக்கப்பட்டார்.

இங்கே நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துவந்த ஒரு பெரியவருக்கு நோயில்பூசுதல் கொடுத்தோம், செபித்தோம், தைரியமாக இருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனோம். அவர் தலையசைத்து, “சரி சாமி” என்றார். இரண்டாவது வாரத்தோடு அவர் சிகிச்சைக்கு வருவதை நிறுத்திவிட்டார். விசுவாசம் தளர்ந்துவிட்டதோ என்று நாம் நினைத்தோம். மருத்துவமனையின் சமூகப் பணியாளரான பெண் அவரைத் தேடிப்பிடித்துக் கேட்டது ஒரே கேள்வி: “ஐயா, நாளைக்கு எப்படி வருவீங்க?” அவரிடம் பேருந்துக்குக் காசு இல்லை, இரவு தங்க இடமும் இல்லை. அந்தக் கேள்வி நமக்குத் தோன்றவில்லை.

இனி, இந்தப் பணியில் இருந்த ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிசிலி சாண்டர்ஸ் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செவிலியராகப் பயின்றவர். முதுகு நோயால் அந்த வேலையைத் தொடர முடியாமல் போகவே, இலண்டனில் அல்மோனர் ஆனார். 1947-இல் அவர் பொறுப்பில் வந்த நோயாளி டேவிட் டாஸ்மா. வார்சாவைச் சேர்ந்த யூதர், வயது 40, புற்றுநோய், அருகில் உறவென்று யாருமில்லை. அவர் வேறொரு மருத்துவமனைக்குப் போன பிறகும் சிசிலி அங்கே தேடிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வாழ்ந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லாமல் போகப்போகிறோம் என்பதே டாஸ்மாவின் பெரிய வேதனை. இறக்கும் நிலையில் உள்ளவர்கள் வலியின்றி, அவசரமின்றி இருக்க ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அந்த இல்லத்தில் தாம் ஒரு சன்னலாக இருப்பதாகச் சொல்லி, 500 பவுண்டு எழுதிவைத்துவிட்டு, 1948 பிப்ரவரி 25 அன்று அவர் இறந்தார்.

சிசிலி அதன்பின் மருத்துவம் படித்து, 1957-இல் மருத்துவரானார். அடுத்த ஆண்டு, இலண்டன் ஹாக்னி பகுதியில் அயர்லாந்து அருள்சகோதரிகள் நடத்திவந்த புனித யோசேப்பு இல்லத்துக்கு வந்தார். அவர் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்; நம் சகோதரிகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலி வந்து நோயாளி கெஞ்சும்வரை காத்திராமல், வலி திரும்புவதற்கு முன்பே நேரம் தவறாமல் மருந்து கொடுக்கும் முறையை அங்கே அவர் ஒழுங்குபடுத்தினார். மற்ற நேரத்தில் நோயாளிகள் பேசுவதைக் கேட்டார். உடல், மனம், குடும்பமும் பணமும், ஆன்மா ஆகிய எல்லாம் சேர்ந்ததே ஒரு நோயாளியின் முழு வலி என்று அங்கேதான் அவர் வகுத்தார். குருத்துவக் கல்லூரியில் நாம் ஆன்மாவின் வேதனையைப் பற்றி ஆண்டுக்கணக்கில் படித்தோம். வாடகைப் பாக்கியும் வலியில் சேரும் என்று சொன்ன பாடப்புத்தகம் ஒன்றுகூட நினைவில் இல்லை.

புனித கிறிஸ்டோபர் இல்லம் 1967-இல் திறக்கப்பட்டது. அந்தச் சன்னலைச் சுற்றி வீடு கட்டத் தமக்கு 19 ஆண்டுகள் ஆயின என்று சிசிலி சொல்வதுண்டு. 2005-ஆம் ஆண்டு ஜூலை மாதம், 87-ஆம் வயதில், அவரும் அதே இல்லத்தில் ஒரு நோயாளியாக இருந்து இறந்தார். டாஸ்மாவின் பெயரைச் சொல்லும் சன்னல் அங்கே இருக்கிறது.