நாலு அவுன்ஸ் துவக்கு பிறந்த கதை

மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டில் துவக்குப் பேச்சு குறைவு. இங்கே பேச்செல்லாம் வலைக்கண்ணைப் பற்றியது. சூடைக்கு ஒரு கண், பாரைக்கு ஒரு கண், திருக்கைக்கு இன்னொரு கண். “நல்ல வலை ஒன்று தாருங்கோ” என்று கடையில் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். எந்த மீனுக்கு என்று சொன்ன பிறகுதான் அவர் கை அலுமாரிக்குப் போகும். தீவைத் தாண்டிப் பாலத்துக்கு அப்பால் போனால் முருங்கன், மடு, முசலி என்று காடு தொடங்கிவிடும். யானை, எருமை, பன்றி, மான் உலாவும் காடு. அங்கே கேள்வி மாறாது, பொருள்தான் மாறும்: எந்த விலங்குக்கு எந்த அளவு குழல்?

இந்தக் கேள்வியைத் துவக்குச் செய்பவரிடம் பிடிவாதமாகக் கேட்டு, கடையில் இல்லாத ஒன்றைச் சொல்லிச் செய்வித்து, அதை இலங்கைக்குக் கொண்டுவந்து வெடித்துப் பார்த்தவர் சாமுவேல் பேக்கர். 1821இல் லண்டனில் பிறந்தவர். 1864இல் ஆபிரிக்காவில் அல்பேர்ட் ஏரியைக் கண்டு சொன்னதற்காக உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. நுவரெலியாவில் விவசாயக் குடியேற்றம் அமைத்த வெள்ளைக்காரர் என்பதற்காக நாம் வைத்திருக்கிறோம். துவக்குக்காரர்கள் மட்டும் அவரை வேறு காரணத்துக்காக நினைக்கிறார்கள்.

அந்தத் துவக்கைப் புரிந்துகொள்ள ‘போர்’ என்ற கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நம்மூரில் ‘12 போர் ஷொட்கன்’ என்று சொல்லாத ஆள் இல்லை. அந்த 12 என்னவென்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். ஓர் இறாத்தல் ஈயத்தை உருக்கி 12 சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல் 12 போர். அதன் விட்டம் 0.729 அங்குலம், அதாவது 18.5 மில்லிமீற்றர். ஆகவே எண் குறையக் குறையக் குழல் பெருக்கும். 8 போர் என்றால் உருண்டை 2 அவுன்ஸ். 4 போர் என்றால் கால் இறாத்தல் ஈயம், 113 கிராம். கையில் வைத்தால் கனம் தெரியும் அளவு.

1840 வாக்கில் பேக்கருக்கு வயது 19. ரைபிள் என்றால் சின்ன அளவு மருந்து போதும் என்பது அன்றைய தொழிற்காரரின் நம்பிக்கை. மருந்து கூடினால் ஈயக் குண்டு குழலின் வரிப்பள்ளங்களைப் பிடித்துச் சுழலாமல் உரித்துக்கொண்டு ஓடிவிடும், குறி தப்பும் என்றார்கள். பொய்யில்லை, அன்றைய குண்டுகளுக்கு அது உண்மைதான். பேக்கரின் வாதம் வேறு திசையில் போனது. வேகம் வேண்டுமென்றால் வாயு வேண்டும், வாயு வேண்டுமென்றால் மருந்தை எரிக்க வேண்டும். குறியும் வேண்டும், அடியும் வேண்டும் என்றால் குண்டு பள்ளத்தை விட்டு விலகாதபடி செய்ய வேண்டும், அவ்வளவுதானே?

பிறிஸ்டல் நகரத்துத் துவக்குச் செய்பவரான கிப்ஸ் அவருடைய சொற்படி செய்து கொடுத்தார். குழலின் நீளம் 36 அங்குலம். துவக்கின் எடை 21 இறாத்தல், ஒன்பதரைக் கிலோ. குழலுக்குள் ஆழமாக 2 பள்ளங்கள். குழலின் முழு நீளத்துக்கும் அவை ஒரே ஒரு சுற்று. குண்டைச் சுற்றி ஒரு பட்டி வார்க்கப்பட்டிருக்கும், அந்தப் பட்டி பள்ளத்துக்குள் அமர்ந்துகொள்ளும். உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ், கூம்புக் குண்டு 4 அவுன்ஸ். மருந்து 16 டிராம், அதாவது முழு அவுன்ஸ் கரிமருந்து. தொழிலில் இருந்தவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும்.

இதில் நமக்குப் பழக்கமான ஒன்று ஒளிந்திருக்கிறது. வாய்வழியாக மருந்தைக் கொட்டி, இடித்து இறுக்கி, அதன்மேல் குண்டை இறக்கி, கேப்பு வைத்துச் சுடும் துவக்கு அது. நம் வெடிக்காரர்கள் இன்றைக்கும் ‘இடியன்’ என்று சொல்கிறார்களே, அதே இனம்தான். அளந்த மருந்தைக் குழலுக்குள் விட வேண்டும். பட்டியிட்ட குண்டைப் பள்ளத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்து, முதல் அங்குலம் உள்ளே போகும்வரை அழுத்தி, பிறகு நீண்ட கம்பால் அடிவரை தள்ள வேண்டும். குண்டுக்கும் மருந்துக்கும் இடையில் வெளி விட்டால் குழலே வெடித்துவிடலாம். இத்தனையும் செய்து முடிக்கும்வரை எதிரே நிற்கும் யானை காத்திருக்காது. அதனால்தான் பேக்கர் ஒரு துவக்கோடு நிற்கவில்லை. இலங்கையில் அவர் காட்டுக்குக் கொண்டுபோன தொகுதி இது: 21 இறாத்தல் எடையில் அந்த 4 அவுன்ஸ் ரைபிள், 16 இறாத்தலில் ஒரு 2 அவுன்ஸ் ரைபிள், தலா 15 இறாத்தலில் 10 போர் இரட்டைக் குழல் ரைபிள் 4. முதல் இரண்டும் ஒற்றைக் குழல். தூக்க ஆள் வேண்டும், நெருக்கடியில் ஓடிப்போகாத ஆளாகவும் வேண்டும். வேட்டைப் புத்தகங்களில் துரைமாரின் பெயர்தான் அட்டையில் இருக்கும். துவக்குத் தூக்கியவர்களின் தோளைப் பற்றி எழுத ஆளில்லை.

ஏன் இவ்வளவு கனம்? பின்னுதை. முழு அவுன்ஸ் மருந்து 4 அவுன்ஸ் ஈயத்தை முன்னே தள்ளும்போது, அதே உந்துதல் சுடுகிறவனின் தோளுக்குத் திரும்பும். அதைத் தாங்குவது துவக்கின் எடைதான். சொல்லிச் செய்விக்கும் ரைபிளில் குழல் அளவைத் தேர்ந்த கணத்திலேயே எடையையும் தேர்ந்துவிடுகிறோம். ஒன்றைக் கேட்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. இன்றைக்கும் இந்தக் கணக்கை மறந்து பெரிய கலிபரை இலேசான துவக்கில் கேட்கிறவர்கள், இரண்டாவது வெடிக்குக் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பார்கள்.

சிறு துவக்கின் போதாமையைப் பேக்கர் இலங்கையிலேயே கண்டார். மின்னேரியாக் குளக்கரையில் எருமை வேட்டை. கையில் இருந்தது இலேசான இரட்டைக் குழல், குண்டும் தீர்ந்துவிட்டது. காயப்பட்ட காளை திரும்பி நிற்கிறது. சட்டைப்பையில் சில்லறையாக 3 ஷில்லிங். எல்லாம் 6 பென்ஸ் வெள்ளிக் காசு. அவற்றைத் துணியில் சுற்றிக் குழலுக்குள் இடித்து, இரட்டை அளவு மருந்தின் மேல் வைத்து, காளை மூக்குக்கு நேரே வந்த பிறகு சுட்டார். காளை உருண்டது, அவர் பிழைத்தார். அது சாகவில்லை, தலை கலங்கி விழுந்ததுதான். பிறகு எழுந்துவிட்டது. ‘த ரைபிள் அண்ட் த ஹவுண்ட் இன் சிலோன்’ என்ற அவருடைய புத்தகத்தில் இதை அவரே விரிவாகச் சொல்கிறார்.

அந்தக் காலத்தில் யானைக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் இந்தக் கதையை வீரக்கதையாக விட்டுவிட எனக்கு மனமில்லை. பயிரை அழிக்கிறது என்று அரசாங்கமே யானைத் தலைக்குச் சில ஷில்லிங் பரிசு அறிவித்திருந்தது. 1848க்கு முந்திய 3 ஆண்டுக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டதாகக் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதினார். வட மாகாணம் என்றால் நம்முடைய காடு. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற அதிகாரி தனி ஆளாக 1,400க்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். அவர் 1845இல் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் கல்லறை இருக்கிறது. ரொஜர்ஸ் காலத்தவர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் பள்ளமில்லாத சாதாரணக் குழல் துவக்குகள். அவற்றாலேயே இவ்வளவு கொல்ல முடிந்தது என்றால் பேக்கரின் பீரங்கி எதற்கு?

விடை யானையின் மண்டையோட்டில் இருக்கிறது. இலங்கை யானைக்குப் பெரும்பாலும் தந்தம் கிடையாது. நெற்றியில் தும்பிக்கை தொடங்கும் இடத்துக்கு மேல் சரியாகப் பட்டால், தேன்கூடு போன்ற எலும்பைத் துளைத்து மூளைக்குப் போக வழி உண்டு. நெருங்கிப் போய்ச் சுடும் துணிவு இருந்தால் நடுத்தரக் குழலே போதும். தூரம், கோணம், அடர்ந்த புதர், கோபத்தில் தலையைத் தூக்கி வரும் யானை என்று ஒவ்வொன்றாகக் கூடும்போதுதான் கனமான குண்டு வேண்டியிருக்கிறது. பிறகு ஆபிரிக்காவுக்குப் போன பேக்கர், இலங்கையில் பலித்த நெற்றி வெடி அங்கே பலிக்கவில்லை என்று கண்டார். ஆபிரிக்க யானையின் நெற்றி அமைப்பு வேறு.

அங்கே அவர் கொண்டுபோனது லண்டன் ஹொலண்ட் செய்த இன்னொரு பூதம்: அரை இறாத்தல் வெடிகுண்டைச் சுடும் துவக்கு. செல்லப் பெயர் ‘பேபி’. அவருடைய அரபு ஆட்கள் அதைப் பீரங்கியின் பிள்ளை என்றார்கள். அதைச் சுடுவதற்குப் பேக்கரே அஞ்சினார், அபூர்வமாகத்தான் எடுத்தார். வயதான காலத்தில் அவர் வந்து சேர்ந்த இடம் வேறு: .577 கலிபர், 12 இறாத்தல் எடை, 6 டிராம் மருந்து, 648 கிரெயின் திண்மக் குண்டு. அதாவது ஒன்றரை அவுன்ஸுக்குக் கொஞ்சம் குறைவு. 4 அவுன்ஸில் தொடங்கியவர் அதன் பாதியையும் விடக் கீழே வந்து நின்றார். என் கணக்கில் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு இதுதான். பெரிய துவக்கைச் செய்விக்கப் பணம் போதும். எது போதும் என்று அறிய 40 வருடம் காட்டில் திரிய வேண்டியிருந்தது.

அதன் பிறகு புகையில்லா மருந்து வந்தது, கதை தலைகீழானது. ஸ்கொட்லாந்துக்காரரான டபிள்யூ. டி. எம். பெல் ஆபிரிக்காவில் 1,000க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார், பெரும்பாலானவற்றை .275 ரைபிளால். அதன் குண்டு 173 கிரெயின், சுமார் 11 கிராம். பேக்கரின் குண்டில் பத்தில் ஒன்று. உலோக உறை போட்ட நீண்ட குண்டு, வேகம், மூளை எங்கே இருக்கிறது என்ற அறிவு: மூன்றும் சேர்ந்தபோது குழல் சிறுத்தது. ஆனால் பெல் தளராத பொறுமைக்காரர், குறி தப்பாதவர். அவரைப் பார்த்துச் சின்னக் கலிபரோடு யானைக்கு முன்னால் போய் நின்ற எல்லோரும் திரும்பி வரவில்லை.

விலங்கும் மருந்தும் மட்டும் குழலைத் தீர்மானிக்கவில்லை. அரசாங்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. 1898இல் ரிக்பி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸைக் கொண்டுவந்தது. 480 கிரெயின் குண்டு, நொடிக்கு 2,150 அடி வேகம். இந்திய வேட்டைக்காரருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. பிரித்தானிய ஆட்சிக்கு வேறு கவலை. பழைய மார்ட்டினி–ஹென்றி இராணுவத் துவக்கும் .450 அளவுதான், கிளர்ச்சிக்காரர் கைகளில் அவை ஏராளம். வேட்டைக்கென்று வரும் குண்டு அங்கே போய்ச் சேர்ந்தால்? ஆகவே 1907 அளவில் இந்தியாவிலும் சூடானிலும் .450 தடை செய்யப்பட்டது. துவக்குக் கொம்பனிகள் அழவில்லை. ஜோசப் லாங் .470ஐ வெளியிட்டார், ஹொலண்ட் .465ஐ வெளியிட்டது, .475, .476 என்று வரிசையாக வந்தன. எல்லாம் ஏறக்குறைய அதே வேலை, அதே வேகம், சட்டத்துக்காக ஒரு மயிரிழை அகலம் கூட. இன்று உலகம் முழுக்க பெருவிலங்கு வேட்டையின் அடையாளமாகப் பேசப்படும் .470, காட்டின் தேவையால் பிறந்ததல்ல. ஒரு தடையுத்தரவின் பிள்ளை.

அதே 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்ட ஜிம் கோர்பட்டுக்கு ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் ஜோன் ஹியூவெட் .275 ரிக்பி ஒன்றைப் பரிசளித்தார். சேலம், ஓசூர் மலைக்காடுகளில் அலைந்த கென்னத் அன்டர்சன் கையில் அமெரிக்க .405 வின்செஸ்டர். இருவரும் புலிக்குப் போனவர்கள், அளவோ வேறு வேறு. கைக்குப் பழகியதும் கையில் கிடைத்ததும்தான் பெரும்பாலும் மனிதனின் கலிபர்.

இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தோடு துரைமாரின் யானை வேட்டை முடிந்தது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் உள்ளவர் பயிர்க்காவலுக்கு ஷொட்கன் வைத்திருக்கலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சொல்லிச் செய்விக்கும் துவக்கு என்று இன்று நம் காடுகளில் இருப்பது ஒன்றே ஒன்று, அது சட்டத்துக்குப் புறம்பானது: கட்டுத்துவக்கு. அதன் குழல் அளவை யாரும் யோசித்துத் தேர்வதில்லை. கிடைத்த இரும்புக் குழாய் எந்த அகலமோ அதுதான் அதன் போர். பன்றி வரும் தடத்தில் மரத்தோடு கட்டி, குறுக்கே கம்பியோ நூலோ இழுத்துவிடுவார்கள். பன்றிக்கு வைத்த உயரம் மனிதனின் முழங்கால் உயரம். தேனுக்கும் விறகுக்கும் போனவர்களும், மாட்டைத் தேடிப் போனவர்களும் கால் இழந்திருக்கிறார்கள்.

காட்டுப் பாதையில் முழங்கால் உயரத்தில் கம்பியையோ நூலையோ கண்டால் தொடவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம். வந்த அடியிலேயே பின்வாங்கி, 119க்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். கூட வருகிறவர்களையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.