நான்கு ஐந்தான கதை

ஜனவரி 2002-ல் பிரிட்டன் எச்.எஸ்.எம்.பி. விசாவைத் தொடங்கியது. படிப்பு, அனுபவம், சம்பளத்துக்குப் புள்ளிகள். கையில் வேலை இல்லாமலேயே போகலாம். நான்கு ஆண்டுகளில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். ஆனால், இனி பிரிட்டன்தான் தன் முதன்மை வீடு என்று எழுதித்தர வேண்டும். அதை நம்பிப் பலர் குடும்பத்தோடு கிளம்பினார்கள்.

ஏப்ரல் 2006-ல் நான்கு ஐந்தானது. நவம்பரில் புள்ளிக் கணக்கே மாறியது. அனுபவத்துக்குப் புள்ளி கிடையாது. ஏற்கனவே வந்துவிட்டவர்களும் விசாவை நீட்டிக்க இந்தப் புதுக் கணக்கில் தேற வேண்டுமாம்!

பாதிக்கப்பட்டவர்கள் எச்.எஸ்.எம்.பி. ஃபோரம் என்ற பெயரில் வழக்குப் போட்டார்கள். ஏப்ரல் 2008-ல் புள்ளிக் கணக்கிலும், ஏப்ரல் 2009-ல் ஆண்டுக் கணக்கிலும் லண்டன் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது.

கையெழுத்தான பிறகு ஒரு தரப்பு மட்டும் ஷரத்தை மாற்றுவது வியாபாரத்தில் செல்லாது. விசாவிலும் செல்லவில்லை.