கிள்ளான் தோட்டங்களின் கள்ளுக்கடை

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை வழியே பிரயாணம் செய்கிறவர்கள், சுங்கைவே அருகே ஒரு பெரிய பீர் ஆலையைக் காண்கிறார்கள். கின்னஸ் நிறுவனத்தார் 1965ஆம் ஆண்டில் நிறுவிய அந்த ஆலை 2016 முதல் ஹைனெகன் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. ஷா ஆலாமில் 1972 முதல் கார்ல்ஸ்பெர்க் பீர் வடிக்கப்பட்டு வருகிறது. இந்த ஆலைகள் எழுவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மவர்களின் மாலைப் பொழுதையும் கூலிக் காசையும் ஆண்டுகொண்டிருந்த பானம் வேறு, அது தென்னங்கள்.

விரியாத பாளையைக் கயிற்றால் இறுகச் சுற்றி, நாள்தோறும் மெல்லத் தட்டி, நுனியைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுச் சொட்டாக இறங்குகிற சாறு, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் பதநீராக இனித்து நிற்கும். பூசாவிட்டால் சில மணி நேரத்தில் தானே நுரைத்துக் கள்ளாகும். மறுநாள் புளித்துக் காடியின் குணத்தை அடையும். போதையில் அது ஏறத்தாழ பீருக்கு நிகரானது. சங்க காலத்து மன்னரும் புலவரும் ஒருங்கிருந்து அருந்தியதும் கள்தான். வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துக் கண்டித்ததும் கள்ளைத்தான். வைத்துப் பாதுகாக்க இயலாத அந்தப் பண்டத்தை, இறக்கிய அன்றே, இறக்கிய இடத்துக்கு அருகிலேயே விற்றுத் தீர்க்க வேண்டும் என்பதே அதன் வியாபார விதி.

அந்த விதி மலாயாவின் ரப்பர் தோட்ட முதலாளிகளுக்கு மிகவும் அனுகூலமாயிற்று. கடல் கடந்து வந்து, விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, பால் மரம் சீவி, உடம்பெல்லாம் அலுத்து லயக் குடியிருப்புக்குத் திரும்புகிற மனிதனுக்கு எதிரே, அரசாங்க உத்தரவு பெற்ற கள்ளுக்கடை ஒன்று தோட்டத்துக்குள்ளேயே திறந்திருந்தது. கள் உடம்புக்குச் சத்து என்றும், கடையை மூடினால் தொழிலாளி சம்சு என்னும் விஷச் சாராயத்தைத் தேடிப் போவான் என்றும் துரைமார்கள் வாதித்தார்கள். கடையின் லாபத்தை ஒரு நிதியாகச் சேர்த்துத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும் என்று விதியும் இருந்தது. ஆனால் காலையில் கொடுத்த கூலி மாலையில் தோட்டத்துக் கடைக்கே திரும்பி வருமானால், அந்தக் கூலியை உழைத்தவனுடையது என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் படித்த சீர்திருத்தக்காரர்கள் மட்டுமே என்று எண்ணுவது பிழை. 1941ஆம் ஆண்டில், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதனின் தலைமையில் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கியாக வேண்டும் என்ற இழிவுக்கு முடிவு ஆகிய கோரிக்கைகளோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் சேர்த்தே வைத்தார்கள். அந்த வரிசையை நிதானமாகப் படித்துப் பார்த்தால், கள்ளுக்கடையை அவர்கள் ஒழுக்க உபதேசத்தின் விஷயமாகக் கருதாமல், சைக்கிள் விதியைப் போலவே தங்கள் கௌரவத்தைப் பறிக்கும் ஏற்பாடாகக் கண்டார்கள் என்பது விளங்கும். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர், சிலாங்கூரில் அவசர நிலை பிரகடனமாயிற்று.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், கெடாவில் தொண்டர் படை என்ற பெயரில் தோட்டத்து இளைஞர்கள் அதே போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். 1947 பிப்ரவரியில் பீடோங்கில் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டவர்கள் போலீசாரின் தடியடிக்கு ஆளானார்கள். காலப்போக்கில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல நகரங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயங்களோடு கள்ளுக்கடைகளும் மறைந்தன.

இன்று தமிழ்நாட்டில், 1987 முதல் நீடிக்கும் கள் தடையை நீக்க வேண்டும் என்று தென்னை, பனை விவசாயிகள் கோருகிறார்கள். அரசாங்கமே மதுக்கடை நடத்துகிற மாநிலத்தில், மரமேறுகிறவனின் ஜீவனத்தை மட்டும் தடுப்பது நியாயமா என்ற அவர்களுடைய கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் கள்ளை மீட்க நினைக்கிறவர்கள் கிள்ளானின் சரித்திரத்தையும் மனத்தில் கொள்ள வேண்டும். கலயத்தில் இறங்குவது அதே சாறுதான்; கூலி கொடுக்கிற கையே கடையையும் நடத்தியபோது, அது உழைக்கிறவனின் விலங்காயிற்று. கள் மீண்டும் வருமானால், அதன் ஆதாயம் மரமேறுகிறவனுக்குச் சேரட்டும். உழைக்கிறவனின் வாசலில் மட்டும் அந்தக் கடை மறுபடியும் வேண்டாம்.