17 மணி நேரமும் 38 நொடியும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரான்சிலிருந்து என் மகள் பேசினாள். எடுத்த எடுப்பிலேயே, "அப்பா, அவன்கிட்ட போட்டியைப் பத்தி ஒண்ணும் கேட்காதீங்க. ரொம்ப நொந்துபோயிருக்கான்" என்றாள். அவன் என்பது என் பேரன். இரண்டு வருடமாக அவன் ஒரே ஒரு பந்தயத்திற்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவிடாமல் ஒரே நாளில் முடிக்கும் நெடுந்தூர டிரையத்லான். பிரெஞ்சில் 'த்ரியாத்லோன்' என்பார்கள். கிரேக்கத்தில் 'த்ரி' என்றால் மூன்று, 'ஆத்லோஸ்' என்றால் போட்டி என்று பள்ளியில் எங்கள் வாத்தியார் சொல்லிக்கொடுத்தது இன்னும் நினைவிருக்கிறது.

பேரன் மூன்றையும் முடித்துவிட்டான். ஆனால் முடிவுக் கோட்டைத் தொட்டபோது குறித்த நேரம் கடந்து 9 நிமிடம் ஆகியிருந்தது. முடிவுப் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே நேரம் போடவில்லை. 'ஒர் தெலே' என்று இரண்டு சொல் மட்டும் போட்டிருந்தார்கள். காலம் கடந்தவர் என்று பொருள்.

இந்த இரண்டு சொல் எனக்குப் பழக்கமானவை. நான் வேலையில் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கோப்புகள் இன்னும் அலமாரியில் இருந்தன. பிரெஞ்சு படித்தவன் என்பதால் அவற்றைப் பிரித்துப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. தாமதமாக வந்த மனுக்களின் ஓரத்தில் அழகான சாய்வெழுத்தில் இதே சொற்கள் இருக்கும். அதற்குமேல் அந்த மனுவைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

பேரனிடம் கேட்கக் கூடாது என்றுவிட்டதால், இந்தப் போட்டி எங்கிருந்து வந்தது என்று நானே தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் தூரக் கணக்கு. கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல். நம் கடற்கரைச் சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் ஒருமுறை போனால் ஏறக்குறைய அந்தத் தூரம் வரும். கரையேறியதும் 180 கிலோமீட்டர் சைக்கிள். புதுச்சேரியில் புறப்பட்டால் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தும் தூரம் மிச்சமிருக்கும். சைக்கிளை விட்டு இறங்கியதும் 42 கிலோமீட்டர் ஓட்டம், அதாவது ஒரு முழு மராத்தான். இங்கிருந்து விழுப்புரம் வரை ஓடுவதற்குச் சமம். ஒலிம்பிக்கில் 2000-ஆம் ஆண்டு சிட்னியில் சேர்த்த டிரையத்லான் இதைவிட மிகச் சிறியது. அதில் நீச்சல் ஒன்றரை கிலோமீட்டர், சைக்கிள் 40, ஓட்டம் 10.

மூன்று விளையாட்டையும் சேர்த்து நடத்தும் எண்ணம் பிரான்சுக்குப் புதிதல்ல. 1920-களிலேயே மார்ன் ஆற்றங்கரையில் ஓடி, சைக்கிள் மிதித்து, ஆற்றை நீந்திக் கடக்கும் போட்டிகள் நடந்திருக்கின்றன. 'மூன்று விளையாட்டுகள்' என்றே அதற்குப் பெயர். நாங்கள் பூகோளப் புத்தகத்தில் மார்ன் ஆற்றை நீல மையால் வரைந்திருக்கிறோம். அதில் இப்படி ஒரு வேடிக்கை நடந்ததை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இன்று நாம் அறிந்த டிரையத்லான் 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், மிஷன் பே என்ற இடத்தில் தொடங்கியது. ஓட்டக்காரர் சங்கம் ஒன்று, அலுத்துப்போன பயிற்சிக்கு ஒரு மாறுதலாக நடத்திய சின்னப் போட்டி அது. அதில் கலந்துகொண்டவர்களில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் உண்டு.

பிறகு காலின்சுக்கு ஹவாய்த் தீவுக்கு மாற்றல் ஆயிற்று. 1977-இல் அங்கே ஒரு தொடர் ஓட்டப் பந்தயத்தின் பரிசளிப்பு விழா. உடல் வலிமையில் பெரியவர் யார், ஓடுபவரா நீந்துபவரா என்று வாக்குவாதம் வந்தது. காலின்ஸ் குறுக்கிட்டு, இரண்டு பேருமே இல்லை, பெல்ஜியத்துச் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ்தான் என்றார். என் வயதில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு மெர்க்ஸ் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. 'தூர் த பிரான்ஸ்' பந்தயத்தை ஐந்து முறை வென்றவர்.

பேச்சில் தீராததைப் பந்தயத்தில் தீர்த்துக்கொள்ளலாம் என்று காலின்ஸ் ஒரு வழி சொன்னார். ஓவாஹு தீவில் ஏற்கெனவே மூன்று போட்டிகள் தனித்தனியாக நடந்துகொண்டிருந்தன. வைக்கீக்கி கடல் நீச்சல், தீவைச் சுற்றும் சைக்கிள் பந்தயம், ஹொனலூலு மராத்தான். மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்து வைத்தால் என்ன? சைக்கிள் பந்தயம் 115 மைல், அதுவும் இரண்டு நாளில் முடிப்பது. அதில் 3 மைலைக் குறைத்தால் நீச்சல் முடியும் இடத்தில் தொடங்கி, மராத்தான் தொடங்கும் இடத்தில் வந்து நிற்கும். உலகம் முழுவதும் இன்று புனிதமாகப் போற்றும் 112 மைல் கணக்கு வந்தது இப்படித்தான். எந்த விஞ்ஞானமும் இல்லை. இரண்டு இடங்களை இணைக்க ஒருவர் வரைபடத்தில் போட்ட கோடு, அவ்வளவே. முதலில் வருபவரை 'இரும்பு மனிதன்' என்று அழைப்போம் என்றார். அயர்ன்மேன் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

1978 பிப்ரவரி 18 அன்று காலையில் 15 ஆண்கள் கடலில் இறங்கினார்கள். தண்ணீரும் சாப்பாடும் கொண்டுவர அவரவர்தான் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்த ஜான் டன்பாருக்கு அவருடைய ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய், கையில் இருந்த பீரைக் கொடுத்துவிட்டார்கள். அவரைக் கார்டன் ஹாலர் முந்திப் போய் முதலில் வந்தார். நேரம் 11 மணி 46 நிமிடம். முடித்தவர்கள் 12 பேர்.

எல்லாரும் எழுதும் வரலாறு இத்தோடு நின்று, அடுத்த ஆண்டுக்குப் போய்விடுகிறது. நானோ 30 வருடத்துக்குமேல் பதிவேடு பார்த்தவன். பட்டியல் என்றால் முதல் பெயரோடு நிறுத்த எனக்கு வராது, கடைசி வரி வரை விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடுவேன். அப்படிப் பார்த்தபோது ஒன்பதாவது வரியில் என் விரல் நின்றது. ஜான் காலின்ஸ், 17 மணி, 00 நிமிடம், 38 நொடி.

இன்று இந்தப் போட்டிக்கு ஹவாயில் உள்ள வரம்பு 17 மணி நேரம். காலை ஏழுக்குத் தொடங்கினால் நள்ளிரவோடு சரி. அதன் பிறகு வருபவர் முடித்ததாகக் கணக்கில்லை. அப்படியானால் இந்தப் போட்டியைக் கண்டுபிடித்தவரே, இன்றைய விதிப்படி 38 நொடியில் தோற்றவர். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். கடைசியாக வந்தவருக்கு 21 மணி நேரம் ஆகியிருக்கிறது. யாரும் அவரைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. அன்று வரம்பே கிடையாது.

வரம்பு ஏன் வந்தது என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? 1979-இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை இதைப் பற்றி நீண்ட கட்டுரை போட்டது. அந்த ஆண்டு லின் லெமேர் என்ற பெண்மணி முதன்முதலாகக் கலந்துகொண்டு, ஆண்களையும் சேர்த்து ஐந்தாவதாக வந்தார். 1980-இல் தொலைக்காட்சி வந்தது. 1981-இல் நெரிசல் போதும் என்று, பக்கத்தில் உள்ள பெரிய தீவின் கோனா நகரத்துக்கு, எரிமலைப் பாறை வெளிகளுக்கு நடுவே, போட்டியை மாற்றினார்கள்.

1982 பிப்ரவரியில் நடந்ததைத்தான் பலரும் பேசுகிறார்கள். கல்லூரி மாணவி ஜூலி மாஸ், தன் படிப்புக்கான ஆய்வுக்காகப் போட்டியில் சேர்ந்தவர், பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் கால்கள் மடங்கி விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து போய் வென்றுவிட்டார். ஜூலி கையை ஊன்றித் தவழ்ந்து போய்க் கோட்டைத் தொட்டார். வித்தியாசம் 29 நொடி. இதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, இரண்டாவதாக வந்தவரைப் போல ஆக வேண்டும் என்று நூற்றுக்கணக்கான பேர் கிளம்பினார்கள். முதலில் வந்தவரை மறந்து இரண்டாமவரை நினைவில் வைத்திருக்கும் பந்தயம் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஆட்கள் பெருகினால் சாலையை அடைக்க வேண்டும், தொண்டர்கள் வேண்டும், மருத்துவர்கள் விழித்திருக்க வேண்டும். விடிய விடிய அவர்களை நிறுத்திவைக்க முடியாது. ஆகவே வரம்பு வந்தது. நியாயம்தான். கடைசி நாள் என்று ஒன்று இல்லாவிட்டால் எந்த அலுவலகமும் நடக்காது என்று நானும் பல வருடம் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் இதை எழுதும்போது ஒரு முகம் குறுக்கே வருகிறது. எண்பதுகளில் ஒரு நாள், வீடு கட்ட உதவித்தொகைக்கு விண்ணப்பம் வாங்கும் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குப் பதிவேட்டில் கோடு போட்டு மூடிவிட்டேன். பாகூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, வழியில் பஸ் நின்றுவிட்டது என்று சொல்லிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். ஐந்தே கால் இருக்கும். மடித்த காகிதங்கள் முந்தானையில் இருந்தன. "அடுத்த வருஷம் சீக்கிரமா வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விதிப்படி நான் செய்தது சரி. மேலதிகாரி பாராட்டக்கூடச் செய்தார். அடுத்த வருடம் அந்த அம்மா வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை.

சரி, வரலாற்றுக்கு வருவோம். நம் வயதுக்காரர்களுக்காக இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கன்னியாஸ்திரீ மடோனா பூடர், 2012-இல் கனடாவில் நடந்த அயர்ன்மேனை 82 வயதில் முடித்தார். ஜப்பானியர் ஹிரோமு இனாடா, எழுபது வயதில்தான் இந்த விளையாட்டுக்கு வந்தவர். 2015-இல், 82 வயதில், கோனாவில் கோட்டுக்கு அருகே தடுமாறி விழுந்து, எழுந்து வந்தபோது வரம்பு கடந்து சில நொடிகள் ஆகிவிட்டிருந்தன. பட்டியலில் சேர்க்கவில்லை. மறு ஆண்டு திரும்பி வந்து முடித்தார். 2018-இல், 85 வயது 328 நாளில், 16 மணி 53 நிமிடத்தில் மறுபடியும் முடித்தார். உலகச் சாம்பியன் போட்டியை முடித்தவர்களில் மிக மூத்தவர் என்று கின்னஸ் புத்தகம் அவர் பெயரைப் பதிந்தது.

நம் பழைய பிரெஞ்சுத் தொடர்புக்கு ஒரு செய்தி. 2023-இல் ஆண்களுக்கான உலகச் சாம்பியன் போட்டி ஹவாயை விட்டு வெளியே, பிரான்சின் நீஸ் நகரில் நடந்தது. பாடப் புத்தகத்தில் படம் பார்த்த அதே கடற்கரைச் சாலையில் தொடங்கி, சைக்கிளில் மலையேறி, மொத்தம் சுமார் 2,400 மீட்டர் உயரம் ஏறி இறங்க வேண்டும். வென்றவர் 24 வயது சாம் லெய்ட்லோ. இந்தப் பட்டத்தை வென்ற முதல் பிரெஞ்சு வீரர் அவர்தான்.

மகள் சொன்னதை மீறி, போன வாரம் பேரனிடம் நானே பேசினேன். போட்டி எப்படி என்று கேட்கவில்லை. காலின்சின் நேரத்தை மட்டும் சொன்னேன். சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தாத்தா, நான் வந்தப்போ விளக்கெல்லாம் அணைச்சிட்டிருந்தாங்க. கோடு போட்ட துணியைச் சுருட்டிட்டிருந்த ஒருத்தர் என்னைப் பார்த்துட்டு, திரும்ப விரிச்சுப் பிடிச்சார்" என்றான்.

யாரோ ஒரு தொண்டர். விதியை மீறவில்லை, பட்டியலையும் திருத்தவில்லை. பையன் கடந்து போகும்வரை துணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு அன்று மாலை அந்தக் காகிதங்களைக் கையில் வாங்கிப் பார்க்கவாவது தோன்றியிருக்கலாம்.

பேரன் அடுத்த ஆண்டுக்கும் பெயர் கொடுத்துவிட்டானாம்.