கையொப்பம் யாருடையது?

திருச்சிராப்பள்ளிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே காவிரி ஓடுகின்றது. தீவில் குடியிருக்கும் பெண்ணொருத்தி பாலத்தைக் கடந்து புத்தூர் அரசு மருத்துவமனையை அடைவதற்குச் சில கல் தொலைவே உண்டு. ஆயினும், சுமக்கவியலாத கருவோடு அவ்வழியே வரும் பெண்ணுக்கு அரசு மருத்துவமனையின் கதவு சட்டப்படி திறந்தது 1972-ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்திய 110 ஆண்டுக் காலம், தாயின் உயிரைக் காக்கச் செய்ததாக இருந்தாலன்றி, அவளும் அவளுக்கு உதவியவரும் குற்றவாளிகளே. அக்கதவைத் திறக்கப் பாடுபட்டவர்கள் யாவர்? என்ன காரணம் காட்டி அவர்கள் வாதாடினார்கள்? திறந்த கதவுக்குள்ளே பெண்ணின் சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்தது? இவற்றை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். பேசக் கூசும் பொருள்தான். ஆனால் பேசாமல் விட்டதனால் மாண்ட பெண்கள் எல்லாச் சமுதாயத்திலும் உண்டு. நம் சமுதாயம் அதற்கு விலக்கன்று.

ஆங்கிலேயர் 1860-இல் இயற்றி 1862 முதல் நடைமுறைப்படுத்திய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, கருவைச் சிதைத்தவரை மட்டுமன்றி, தானே சிதைத்துக்கொண்ட பெண்ணையும் தண்டனைக்கு உரியவளாக்கியது. கரு ஒரு மாதமே ஆகியிருந்தது என்பதால் கீழ்க்கோர்ட்டில் விடுதலை பெற்ற ஒரு பெண்ணின் வழக்கு 1886-இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. கருத்தரித்த அப்போதிருந்தே அவள் கர்ப்பிணிதான் என்று கூறி, அவ்விடுதலை செல்லாது என நீதிபதிகள் தீர்த்தனர். சட்டம் இவ்வாறு இறுகியதனால் கருக்கலைப்பு நின்றுவிடவில்லை, இருட்டுக்குள் போயிற்று. எருக்கங்குச்சியும் கைப்பக்குவ மருந்துகளும் கொல்லைப்புறத்தில் வேலை செய்தன. சீழ்வைத்தும் இரத்தம் பெருகியும் இறந்தவர்களின் சாவுக்கு, வீட்டார் காய்ச்சல் என்றே காரணம் கூறினர்.

வெளிச்சத்தில் முதலில் பேசப்பட்டது கருக்கலைப்பன்று, கருத்தடையே. 1928-இல் சென்னையில் நவமால்தூசியர் சங்கம் தோன்றியது. கற்றறிந்த பெருமக்கள் நடத்திய அச்சங்கத்தின் கவலை நாட்டின் வறுமையும் பெருகும் மக்கள்தொகையுமாகும். அதே காலத்தில் ‘குடி அரசு’ ஏட்டில் பெரியார் ஈ.வெ.ரா. எழுதிய கட்டுரைகள் வேறொரு வழியில் சென்றன. மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்தையும் குடும்பப் பொருளாதாரத்தையும் எண்ணிக் கருத்தடையை வேண்டுகின்றனர். தாமோ பெண் விடுதலையின் பொருட்டே அதனை வேண்டுவதாக அவர் வேறுபடுத்திக் காட்டினார். 1942-இல் வெளிவந்த ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்னும் நூலிலும் இக்கருத்து இடம்பெற்றது. அவருடைய சமயக் கொள்கையோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால் கேள்வியைச் சரியான இடத்தில் வைத்தவர் அவர் என்பதை வரலாறு எழுதுவோர் மறைத்தல் முறையன்று. பிற்காலத்தில் அவரும் மணியம்மையாரும் திருச்சியில் நாகம்மையார் குழந்தைகள் இல்லத்தை நடத்தினர். பெற்றோரால் கைவிடப்பட்ட சிசுக்கள் அங்கே வளர்ந்தனர். விரும்பாத கர்ப்பத்தின் மற்றொரு முடிவை அந்த இல்லம் இவ்வூர் மக்களின் கண்முன் வைத்தது.

1935-இன் இறுதியில் அமெரிக்காவிலிருந்து மார்கரெட் சாங்கர் இந்தியா வந்தார். வார்தாவில் காந்தியடிகளைச் சந்தித்து வாதாடினார். புலனடக்கமே வழி என்ற காந்தியடிகள் செயற்கைக் கருத்தடையை ஏற்கவில்லை. பின்னர், திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டில் சாங்கர் பேசினார். பெண்கள் தாமே மேடையேறி இதைப் பற்றி விவாதித்த அரிய நிகழ்ச்சி அது.

விடுதலைக்குப் பின் அரசே இத்துறையில் இறங்கியது. 1956-இல் சென்னை அரசு, அறுவை சிகிச்சை செய்துகொள்வோர்க்கு 30 ரூபாய் அளிக்கும் திட்டத்தைத் தொடங்கி நாட்டுக்கு முன்னோடியாயிற்று. 1964-இல் மகாராஷ்டிர அமைச்சர் சாந்திலால் ஷா தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. ஆண்டுதோறும் சுமார் 39 லட்சம் கருக்கலைப்புகள் செய்யப்படுவதாக மதிப்பிட்ட அக்குழு, திறமையற்ற கைகளில் பெண்கள் மாள்வதைத் தடுக்கச் சட்டத்தைத் தளர்த்த வேண்டுமென 1966-இல் பரிந்துரைத்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற மக்கள்தொகை அறிஞர் எஸ். சந்திரசேகர், மத்திய அமைச்சராக இருந்து இதற்காக உழைத்தார். 1971-இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். அது பெண்ணுக்கு உரிமை வழங்கவில்லை. மருத்துவருக்குப் பாதுகாப்பு வழங்கிற்று. 12 வாரம் வரை ஒரு மருத்துவரும், 20 வாரம் வரை இரு மருத்துவர்களும் நல்லெண்ணத்துடன் கருதினால் கருவைக் கலைக்கலாம். கருத்தடை தவறியதால் உண்டான கர்ப்பம் என்னும் காரணம் மணமான பெண்ணுக்கு மட்டுமே பொருந்தியது. எனினும் ஒரு நற்கூறு அதில் இருந்தது. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். கணவனின் சம்மதத்தைச் சட்டம் கேட்கவில்லை. ஆனால் நடைமுறையில் நேர்ந்ததென்ன? கணவன் கையொப்பமிட்டால்தான் ஆகும் என்று திருப்பி அனுப்பிய மருத்துவமனைகள் பல. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு இணங்கினால்தான் ஆகும் என்றவையும் பல. நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஓராண்டில் மட்டும் சுமார் 82 லட்சம் பேருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. விருப்பமின்றிப் பிடித்துச் செல்லப்பட்டோரின் துயரத்தை நாடறியும். பெற்றெடுக்கக் கட்டாயப்படுத்துவதும், பெறாதிருக்கக் கட்டாயப்படுத்துவதும் ஒரே மரத்தின் இரு கிளைகள்.

இதை உணர்ந்து உழைத்தவர்களுள் டி.கே. சுந்தரி ரவீந்திரன் குறிப்பிடத்தக்கவர். 1981-இல் செங்கற்பட்டுப் பகுதியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண்களுடன் சேர்ந்து அவர் கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தை நிறுவினார். பெண்கள் தம் உடலைப் பற்றித் தாமே அறிவதும், கிராமத்தில் தாமே ஊழியராவதும் அம்மையத்தின் வழிமுறை. 2004-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வொன்று வேதனையான உண்மையை எடுத்துரைத்தது. கருவைக் கலைக்க இசையும் கணவன்மார் பலர், படுக்கையில் மனைவி மறுப்பதற்கு இசைவதில்லை. அவள் விருப்பமின்றி உண்டான கர்ப்பமே பின்பு கலைப்புக்கு வருகின்றது. இவ்வுழைப்பாளர்களுக்கு மற்றொரு போர்முனையும் இருந்தது. பெண்சிசுவைக் கண்டறிந்து அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-இல் சட்டம் வந்தபின், எல்லாக் கருக்கலைப்பும் குற்றமே என்னும் எண்ணம் பரவிற்று. பாலறிந்து அழிப்பதை எதிர்ப்பதும் பாதுகாப்பான சிகிச்சையைக் காப்பதும் முரணல்ல என்று அவர்கள் ஓயாது விளக்க வேண்டியதாயிற்று.

நம் மார்க்க அறிஞர்கள் இதைப் பற்றி என்ன கூறினார்கள்? கருவில் உயிர் ஊதப்படுவது 120-ஆம் நாளில் என்பது ஹதீஸின் அடிப்படையில் பெரும்பாலோர் கொண்ட கருத்து. அதற்கு முன், தக்க காரணமிருப்பின் ஆகும் என ஹனஃபி அறிஞர் பலர் கூறினர். மாலிகி மத்ஹபினர் கடுமையாகத் தடுத்தனர். கி.பி. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், கருத்தரிப்பைத் தவிர்க்கும் ‘அஸ்ல்’ முறையை ஆகுமாக்கினார்கள். அதற்குரிய காரணங்களில் பிரசவ ஆபத்திலிருந்து மனைவியைக் காப்பதையும் சேர்த்தார்கள். கருக்கலைப்பையோ அதனின்று பிரித்து, கரு வளர வளரக் குற்றமும் வளர்வதாகக் கண்டார்கள். தாயின் உயிருக்கு ஆபத்து நேருமிடத்துத் தாயையே காக்க வேண்டுமென இக்காலத் தீர்ப்புகள் பல கூறுகின்றன. இவற்றுள் நம் சிந்தனைக்குரிய ஒன்றுண்டு. மனைவியின் சம்மதமின்றிக் கணவன் அஸ்ல் செய்தல் கூடாதென்று சட்ட அறிஞர் பலர் விதித்திருக்கின்றனர். பிள்ளைப்பேற்றில் பெண்ணுக்கும் சொல் உண்டு என்பது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமையன்று.

சட்டமும் மெல்ல அவ்விடத்துக்கு வந்தது. 1990-களின் முற்பகுதியில், தன் மகளின் கர்ப்பத்தைக் கலைக்க உத்தரவு வேண்டிய தந்தையிடம், மகள் பெற விரும்புகையில் அவ்வாறு செய்யவியலாதென்று சென்னை உயர்நீதிமன்றம் மறுத்தது. 2021-இல் திருத்தப்பட்ட சட்டம், 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதுமென்றது; வன்கொடுமைக்குள்ளானோர் முதலிய சில பிரிவினர்க்கு எல்லையை 24 வாரமாக்கிற்று; ‘மணமான பெண், அவள் கணவன்’ என்றிருந்ததைப் ‘பெண், அவள் துணைவர்’ என மாற்றிற்று. 2022 செப்டம்பர் 29-ஆம் நாள் உச்சநீதிமன்றம், மணமானவர், மணமாகாதவர் என்று வேறுபாடு காட்டுதல் ஆகாதென்று தீர்ப்பளித்தது. மணவாழ்வில் கணவன் வன்முறையால் உண்டான கர்ப்பத்தையும், இச்சட்டத்தின் அளவில், வன்கொடுமையாகக் கொள்ளலாம் என்றது. இருப்பினும் பழைய குற்றப்பிரிவு ஒழியவில்லை. 2024 ஜூலை முதல் பாரதீய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவாக அது வாழ்கின்றது.

2015-இல் இந்தியாவில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நிகழ்ந்ததாக ஆய்வாளர் கணக்கிட்டனர். அவற்றுள் நூற்றுக்கு 73 மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரைகளால் நடந்தவை. எருக்கங்குச்சியைவிட மாத்திரை மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வழிகாட்டுவோரின்றி, கடையில் வாங்கி, யாருக்கும் சொல்லாமல் விழுங்கும் பெண்ணுக்கு இரத்தப்போக்கு மிகுந்தால் அவள் யாரிடம் ஓடுவாள்? சட்டம் தந்த அனுமதியை அவள் அறியாள். அறிந்தாலும், வெட்கமும் அச்சமும் அவளைக் காவிரிப் பாலத்தின் அக்கரையிலேயே நிறுத்திவிடுகின்றன.

ஆகவே நம் வீட்டுப் பெண்களுக்கும், மணமுடித்துக் கொடுக்கும் மகன்களுக்கும் நாம் சொல்ல வேண்டியவை சில உண்டு. மார்க்கத்தின் வரம்பை ஆலிம்களிடம் கேட்டறியலாம். மருத்துவத்தின் வரம்பைத் தகுதிபெற்ற மருத்துவரிடம் கேட்டறியலாம். காலந்தாழ்த்தாமல் கேட்க வேண்டும். வயது வந்த பெண்ணுக்கு அவளுடைய கையொப்பம் ஒன்றே சட்டத்துக்குப் போதுமானது; அவளது பெயரை மருத்துவர் வெளியிடலாகாதென்றும் சட்டம் விதிக்கின்றது. அந்தக் கையொப்பத்தைக் கட்டாயப்படுத்திப் பெறவும், தடுத்து நிறுத்தவும் கணவனுக்கோ மாமியாருக்கோ உரிமையில்லை. இவ்வளவையும் அச்சமின்றிப் பேச இயலும் வீட்டில் ஒரு பெண் மறைந்து மருந்து தேட வேண்டிய நிலை வராது.