சோனி வாங்கிய சரக்கு

குன்னத்தூர் நண்பர் ஒருவர், பனியன் கம்பெனி கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டரை டி.வி.யோடு இணைத்து, ராத்திரியில் சினிமா, ஞாயிறானால் கேம்ஸ் என்று ஜமாய்க்கிறார். ‘ப்ளே ஸ்டேஷன் ஆட்டங்கூட ஓடுதுங்க!’

திருட்டு இல்லையா என்கிறீர்களா? சோனியும் அதைத்தான் கேட்டது. 1999-ல் கனெக்டிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, அந்த ஆட்டங்களை மேக் கம்ப்யூட்டரில் ஓட்டும் ‘எமுலேட்டர்’ சாஃப்ட்வேரை 49 டாலருக்கு விற்றது. சோனி கோர்ட்டுக்குப் போய்த் தடையும் வாங்கிவிட்டது. 2000 பிப்ரவரியில் அப்பீல் கோர்ட் அதை உடைத்தது. மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய, சோனியின் புரோகிராமைக் காப்பி எடுத்தது தப்பில்லை; விற்ற சரக்கில் சோனியுடையது ஒரு வரிகூட இல்லையே!

சோனி சும்மா இருக்குமா? 2001-ல் அந்த சாஃப்ட்வேரையே விலைக்கு வாங்கி மூட்டை கட்டிவிட்டது.

எமுலேட்டர் சரி, கேம்ஸ் எல்லாம் ஒரிஜினல்தானா என்று நண்பரைக் கேட்டேன். ‘காபி சாப்பிடறீங்களா?’ என்று எழுந்துவிட்டார்.