விமானியின் செவியில் விழுந்த இரைச்சல்

முற்றத்தில் அமர்ந்து வானொலிச் செய்தி கேட்கையில் ஒழுங்கையால் ஒரு மோட்டார் சைக்கிள் போனால், செய்தியை மூடிக்கொண்டு கரகரவென்ற இரைச்சல் எழுந்தது வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். அதே இரைச்சல்தான் ஒரு காலத்தில் விமானிகளின் உயிருக்கு உலையாக இருந்தது.

1920களில் அமெரிக்காவில் தபால் சுமந்தவை பெரும்பாலும் ஒற்றை இயந்திரச் சிறு விமானங்களே. பகலில் புகையிரதப் பாதையையும் ஆற்றையும், இரவில் நிலத்தில் சுழன்ற ஒளிவிளக்குகளையும் பார்த்தே விமானிகள் வழியறிந்தனர். மூடுபனி இறங்கினால் யாவும் மறைந்துவிடும். ஆகவே அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் வானொலி வழிகாட்டி நிலையங்கள் நிறுவப்பட்டன. பாதைக்கு ஒரு புறம் விலகினால் காதில் ஒரு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்கும். மறுபுறம் விலகினால் நீண்டது முந்தும், குறுகியது பிந்தும். சரியான பாதையில் இரண்டும் ஒன்றையொன்று நிரப்பி இடையறாத ஒரே ஒலியாகிவிடும். குறிலும் நெடிலும் பிரித்தறியும் செவியே திசைகாட்டி. தமிழ் படிப்பித்தவர்கள் மெச்சக்கூடிய ஏற்பாடுதான்.

ஆனால் பகை விமானத்துக்குள்ளேயே இருந்தது. இயந்திரத்தில் எரிபொருளைக் கொளுத்துவது மக்னீற்றோ பிறப்பிக்கும் உயர் அழுத்த மின்பொறி. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் தெறிக்கும் அப்பொறிகள் ஒவ்வொன்றும் வானொலி அலையையும் வீசின. நெடுந்தூரத்திலிருந்து மெலிந்து வந்த வழிகாட்டி ஒலி அவ்விரைச்சலில் அமிழ்ந்துபோயிற்று.

மின்கம்பிகளுக்கு உலோகப் பின்னல் உறை இடுவதும், பிளக்குகளுக்குக் கவசம் பூட்டுவதும், விமானத்தின் உலோகப் பாகங்கள் அனைத்தையும் மின்தொடர்பால் பிணைப்பதும் பரிகாரமாயின. அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. உறைக்குள் ஈரம் சேர்ந்தால் மின்சாரம் கசியும், பொறி தவறும், இயந்திரம் இடறும். வழி கேட்க வேண்டுமா, இயந்திரம் ஓட வேண்டுமா என்று விமானி தயங்கியதில் வியப்பென்ன?

1929 செப்டெம்பர் 24ஆம் நாள் நியூயோர்க் அருகே மிற்செல் பீல்ட் விமானத் தளத்தில் ஜேம்ஸ் டூலிற்றில் மூடிய கூண்டுக்குள் இருந்தபடி, வெளியே பாராமல், கருவிகளை மட்டும் நம்பி மேலெழுந்து, சுற்றி, தரையிறங்கினார். ஏறத்தாழ 15 நிமிடப் பறப்பு. பாதுகாப்புக்காக உடன் சென்ற பென் கெல்சி விமானத்தைத் தாம் செலுத்தவில்லை என்று காட்டக் கைகளை வெளியே தெரியும்படி வைத்திருந்தார். வானொலி வழியைக் காட்டியது காதொலியன்று. அதிரும் இரு உலோக நாக்குகள். தத்தமக்குரிய அதிர்வுக்கு மட்டுமே அசையும் அவற்றைச் சிதறிய இரைச்சல் எளிதில் ஆட்டாது. வரலாறு டூலிற்றிலின் துணிவைப் போற்றுகிறது. அந்நாக்குகளைச் சமைத்தவர்களை நாம் நினைப்பதேயில்லை.

சிறு விமானங்களில் இன்றும் இந்நோய் உண்டு. நாடி பார்க்கும் முறையும் பழையதே. இயந்திர வேகத்தோடு படபடப்பு விரைந்தால் குற்றம் மின்பொறியில். சீழ்க்கை போன்ற ஒலி வேகத்தோடு ஏறியிறங்கினால் மின்பிறப்பாக்கியில். வேகம் மாறியும் ஒலி மாறாவிடின் வேறெங்கோ தேட வேண்டும். தரையில் நிறுத்தி, கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போவார் பொறிவினைஞர். பல வேளைகளில் அகப்படுவது, பிடி தளர்ந்த ஒரு பின்னல் உறையின் நுனிதான்.